சுண்டுவிரலும் ஆறு கம்பியும்

துணிக்கடை இருசப்பன் கிட்டார் வாசிப்பான் என்று சொன்னால் எண்பதுகளில் திருவண்ணாமலையில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர், "யாரு, ஜாக்கெட் பிட்டு கிழிக்கிறாரே, அவரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குத்தமில்லை. பகல் முழுக்கத் தேரடித் தெருக் கடையில் கழுத்தில் டேப்பும் காதில் பென்சிலுமாக நின்று, துணியைத் தொட்ட மாத்திரத்தில் இது பாப்ளின், இது காடா, இது மல்லு என்று சொல்கிற ஆள், சாயந்திரமானால் கல்யாண மேடையில் சிவப்புக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பான் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற குடும்பம் அவனுடையது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடம் காலை வாரிவிட, டவுனுக்கு வந்து துணிக்கடையில் சேர்ந்தான். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன் நாட்டுக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன மரக் கிட்டார் ஒன்று எப்படியோ இவன் கைக்கு வந்து சேர்ந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ரேடியோவில் பாட்டு வரும்போது கூடவே தடவித் தடவி, "ஆரம்பிச்சுட்டாண்டா" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தச் சாத்த, ஒருவழியாகக் கற்றுக்கொண்டான். பிறகு ஜீவகுமார் நயினார் கண்ணில் பட்டான். எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினான்.

ஜீவகுமார்தான் 'அருணோதயம் இன்னிசைக் குழு'வின் தலைவர். சமண வீட்டுப் பிள்ளை, நல்ல குரல். பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் ஒரு பருக்கை போட மாட்டார். அதனால் எந்த ஊர்க் கச்சேரியானாலும் வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டாக வேண்டும் என்று கல்யாண வீட்டாரிடம் கறாராகச் சொல்லிவிடுவார். குழு மொத்தமும் அவரோடு அஞ்சு மணிக்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கச்சேரி முடியும்போது பசியில் காதடைத்துப்போய் நிற்கும். டிரம்ஸ் அடிக்கிற காசி இதற்கென்றே பாக்கெட்டில் பொட்டுக்கடலை போட்டுக்கொண்டு வருவான். ஜீவகுமார் யாரையும் திட்ட மாட்டார். வாசிப்பில் தப்பு நடந்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு ஆளாகாமலே இருசப்பன் பல வருஷம் ஓட்டியிருந்தான்.

எண்பத்துமூணு தை மாசம், போளூரில் ஒரு கல்யாணம். ஒரு பாட்டுக்கு நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடம். இடது கைச் சுண்டுவிரல் போய் உட்கார வேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்தது. ஆனால் சத்தம் எழும்பவில்லை. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தது. அடுத்த வரியில் மறுபடி அழுத்தினான். மறுபடியும் டொக். ஜீவகுமார் திரும்பினார்.

திரும்பி வரும்போது வேனில், கம்பி பழசாகிவிட்டது, அதுதான் காரணம் என்று இருசப்பன் சொன்னான். யாரையும் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவனே அப்படித்தான் நம்பினான். பாவி மனுஷன், அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வருஷத்தை ஓட்டினான்.

எலக்ட்ரிக் கிட்டார் கம்பி திருவண்ணாமலையில் கிடைக்காது. மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். ஆறு கம்பி சேர்ந்தது ஒரு செட். செட்டுக்கு ஒரு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏறக் கம்பி தடிசு. பன்னெண்டாம் நம்பர் போட்டால் கணீரென்று பேசும், ஆனால் அழுத்துவதற்கு விரலில் பலம் வேண்டும். ஒன்பதாம் நம்பர் மெலிசு. விரலுக்கு வேலை கம்மி, ஆனால் கொஞ்சம் ஏமாந்தால் தோலை அறுத்துவிடும். பத்தும் பதினொண்ணும் நடுவில். இருசப்பன் ஆரம்பத்திலிருந்தே பன்னெண்டாம் நம்பர் ஆள். மெலிசுக் கம்பி போடுகிறவனெல்லாம் சோம்பேறி என்று காசியிடம் பீற்றிக்கொண்டவன். இப்போது சத்தம் போடாமல் பதினொண்ணுக்கு இறங்கினான். கொஞ்ச நாள் சரியானது போலத்தான் இருந்தது. பிறகு மறுபடி டொக். பத்துக்கு இறங்கினான்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நம்ம ஊரில் யோசனைக்கா பஞ்சம்? வீணைக் கம்பியை மாட்டிப் பார் என்றார் ஒருவர். தேங்காய் எண்ணெய் தடவு என்றான் காசி. பழைய கம்பியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் புதுசு மாதிரி பேசும் என்று யாரோ சொல்ல, இருசப்பன் அதையும் விடவில்லை. அவன் பெண்டாட்டி சரோஜா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைப்பவள். தெருவில் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் ரசம் வைக்கிற ஈயச் சொம்பில் கம்பிச் சுருள் கொதித்துக்கொண்டிருக்கிறது. "இன்னிக்கி இதான் குழம்பா?" என்று கேட்டுவிட்டு, அன்று ரசமே வைக்காமல் மோரைக் கரைத்து ஊற்றினாள்.

ஒன்பதாம் நம்பருக்கு வந்தபோது ஆவணி. ஆரணிப் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரி. மெலிசுக் கம்பியில் அன்றைக்கு வாசிப்பு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. இருசப்பனுக்குக் கூட, அப்பாடா, கம்பிதான் கோளாறு என்று மனசு லேசாகிவிட்டது. அப்போதுதான் காசி குச்சியால் அவன் முதுகைத் தொட்டு, "கையப் பாரு" என்றான்.

பார்த்தான். விரல் ஓடுகிற கிட்டார்க் கழுத்து சிவப்பாக இருந்தது. இடது கை மோதிர விரலின் நுனியைக் கம்பி கீறி, ரத்தம் கையோடு வழிந்து, சட்டை மடிப்பு வரை நனைந்திருந்தது. எந்தப் பாட்டில் அறுத்தது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஒரு எரிச்சல் இல்லை, ஒரு சுருக் இல்லை. "செம தோலுடா உனக்கு" என்று காசி மெச்சிக்கொண்டான். இருசப்பன் விரலைத் துடைத்துவிட்டு, அதை அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

கிட்டார்காரனுக்கு விரல் நுனி காய்த்துப்போவது சகஜம்தான். காய்ப்பில் உணர்ச்சி மட்டாகத்தான் இருக்கும். அந்தச் சமாதானத்தை அவன் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தான். ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்கூடத்தான் காய்த்திருக்கின்றன. அவற்றில் ஊசி வைத்தால் தெரிகிறதே? சரோஜாவின் தையல் ஊசியை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய்க் குத்திப் பார்த்தான். சுண்டுவிரலில் தெரியவில்லை. மோதிர விரலில் பாதிக்குத் தெரியவில்லை. உள்ளங்கையின் ஓரத்தில், கம்பியே படாத இடத்தில், அங்கும் தெரியவில்லை. அங்கே எப்படிக் காய்ப்பு வரும்? ஊசியைக் கழுவி, மறுபடி கழுவி, கடைசியில் பயந்துபோய்ச் சாக்கடையில் எறிந்தான்.

அவன் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது. சுப்பன் பெரியப்பா. இருசப்பன் சின்னப் பையனாக இருந்தபோது பெரியப்பாவுக்குப் பெரிய வியாதி வந்தது. தொழுநோய் என்று சுவரில் எழுதுகிறார்களே, அதுதான். வீட்டில் அந்தப் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அவரைக் கழனியோரம் பம்புசெட் கொட்டாயில் போட்டுவிட்டார்கள். அவர் தட்டு வேப்பமரக் கிளையில் தனியாகத் தொங்கும். பெரியம்மா அவள் அம்மா வீட்டுக்குப் போனவள் போனவள்தான், திரும்பி வரவில்லை. அவர் செத்து வருஷங்கள் கழித்து இருசப்பனுக்குப் பெண் பார்த்தபோது, அப்படி ஒருத்தர் குடும்பத்தில் இருந்ததாகவே யாரும் மூச்சு விடவில்லை. சரோஜாவுக்கு இது தெரியாது என்று அவன் நினைத்தான். தெரிந்தால் பெரியம்மா மாதிரியே மூட்டையைக் கட்டுவாள், மகள் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதுதான் அவன் குலையை நடுங்க வைத்தது. விரல் போவது, வேலை போவது, கச்சேரி போவது எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அதற்கப்புறம் அவன் வீட்டில் நடந்துகொண்டதைப் பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும். தனி டம்ளர் எடுத்துக்கொண்டான். கேட்டால், தொண்டை கட்டியிருக்கிறது என்றான். பாயைக் கூடத்துக்கு மாற்றினான். கேட்டால், உள்ளே புழுக்கம் ஜாஸ்தி என்றான்; மார்கழிக் குளிரில் புழுக்கமாம். வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை. மூன்று வயசுப் பாப்பா "ப்பா, தூக்கு" என்று கையை நீட்டினால், எதையோ தேடுகிறவன் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றுவிட்டு அம்மாவிடம் போய்விடும்.

கடையிலும் நிம்மதி இல்லை. துணியை வலது கையாலேயே விரித்தான், வலது கையாலேயே மடித்தான். வீடு வீடாக வந்து உடம்பில் தேமல் இருக்கிறதா என்று பார்க்கிற சுகாதார ஊழியர்கள் அவன் தெருவுக்கு வந்த அன்று, விடிவதற்குள் கிளம்பிக் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டான். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'தொழுநோய் குணமாகும்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதை அவன் நம்பவில்லை. பெரியப்பாவுக்குக் குணமாகவில்லையே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை சுற்றுகிற ரோட்டில் தனியாக நடந்தான். சாமி கும்பிடுவதற்காக இல்லை. அங்கே புளியமரத்து நிழல்களில் உட்கார்ந்திருக்கிறவர்களில் அந்த வியாதிக்காரர்களும் உண்டு. அவர்கள் கைகளைப் பார்க்கத்தான் போனான். மோர் வாங்கிக் கொடுக்கிற சாக்கில் ஒருத்தர் பக்கத்தில் குந்தினான். டம்ளரை வாங்கிய கையில் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்து நின்றது. இருசப்பன் தன் கையைப் பார்த்தான். அவன் சுண்டுவிரலும் லேசாக, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, உள்ளே வளைந்திருந்தது. அந்த ஆள் நல்லா இரு தம்பி என்று சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நடந்துவிட்டான். மலையைப் பாதிதான் சுற்றினான். வந்த வழியே திரும்பினான்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனானா என்றால், இல்லை. மெட்ராஸுக்குப் போனான். கம்பி மாற்றினான். சிங்கப்பூர் சாமான் விற்கிற இடங்களில் தேடினான், ஜப்பான் கம்பி, ஜெர்மன் கம்பி என்று என்னென்னவோ மாட்டிப் பார்த்தான். புதுக் கம்பி மாட்டிய முதல் நாள் அவனுக்கு ஒரு நம்பிக்கை வரும். அடுத்த கச்சேரியில் அது போய்விடும். குழுவில் எல்லோரும் கம்பியைத்தான் திட்டினார்கள். கம்பியைத் திட்டுகிற வரைக்கும் தன் கையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவனுக்கு அதில் ஒரு கேவலமான நிம்மதி.

சரோஜா என்ன மக்கா? படுக்கை தனி, டம்ளர் தனி, அடிக்கடி மெட்ராஸ். அவள் கணக்கு வேறு விதமாகப் போயிற்று. அடுத்த தடவை அவன் பையை எடுத்தபோது, பாப்பாவைப் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளிடம் விட்டுவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வரேன். அந்தக் கம்பி எப்படி இருக்குதுன்னு நானும் பாக்கணும்."

அவள் சொன்ன விதத்தைப் பார்த்து அவளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தான். பஸ் செஞ்சி, திண்டிவனம் தாண்டி மெட்ராஸ் பிராட்வேயை நோக்கி ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள், மெட்ராஸில் எவள் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறோமோ என்று மனசுக்குள் சண்டையைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் இடது கையை டிபன் பைக்கு அடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சந்தில் கடை. உண்மையிலேயே கிட்டார் கடை. கடைக்காரர் வழுக்கைத் தலையோடு கண்ணாடி போட்ட ஆள். சரோஜாவுக்கு அரை உயிர் திரும்பி வந்தது. கடைக்காரர் இருசப்பனைப் பார்த்ததும், ஒன்பதும் ஒத்துவரவில்லையா, எட்டாம் நம்பர் வந்திருக்கிறது, இதற்கு மேல் மெலிசு கிடையாது என்று சொல்லி, அந்தக் கம்பி மாட்டியிருந்த ஒரு கிட்டாரை எடுத்து நீட்டினார். சரோஜா ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். புருஷன் கிட்டார் வாசிப்பதை அவள் கச்சேரியில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். இவ்வளவு கிட்டத்தில் அவன் விரலைப் பார்ப்பது இதுதான் முதல்.

அவன் கம்பியை இழுத்து அழுத்தி வாசித்தான். சுண்டுவிரல் கம்பி மேல் படுக்கிறது, ஆனால் அழுத்தவில்லை. மற்ற விரல்களுக்குக் கீழே நழுவி நழுவிப் போகிறது. மோதிர விரல் நுனியில் சிவப்பாக ஒரு கோடு. கோடு சொட்டானது. அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே, சத்தம் எப்படி இருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாள் பூராவும் ஊசி பிடிக்கிறவள் அவள். விரலில் ஒரு சின்னக் குத்து விழுந்தாலும் ஆள் எப்படித் துள்ளும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய்க் கிட்டாரை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தாள். முந்தானையை எடுத்து அந்த விரலைச் சுற்றிப் பிடித்தாள். அவன் கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

"வலிக்கலையா?" என்றாள்.

எதுவும் வாங்காமல் இருவரும் வெளியே வந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஊசியை, மலை சுற்றுகிற ரோட்டை, டம்ளரை. கடைசியாக, சுப்பன் பெரியப்பாவை. மறைத்துக் கல்யாணம் பண்ணிவிட்டோம் என்று சொன்னான்.

"அது தெரியும்," என்றாள் சரோஜா. "பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பா விசாரிச்சுட்டாரு. கீழ்பென்னாத்தூர்ல யாருக்குத் தெரியாது?"

"தெரிஞ்சுமா குடுத்தாங்க?"

"உங்க பெரியப்பாவுக்கா குடுத்தாங்க? உங்களுக்குத்தானே குடுத்தாங்க."

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். மெட்ராஸில் எவளையோ சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தாள், பிள்ளை ஏக்கத்தில் எப்படி இளைத்துப்போனது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று திட்டினாள். திட்டிக்கொண்டே, அவன் குடித்து வைத்த டீயை எடுத்து அதே கிளாஸில் மீதியைக் குடித்தாள். அவன் பதறிப்போய்த் தட்டிவிடப் பார்த்தான். முறைத்தாள். அவன் அடங்கிவிட்டான்.

மறுநாளே தொழுநோய் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பஞ்சால் தொட்டுப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால், அவன் கண்ணுக்குத் தெரியவே வாய்ப்பில்லாத இடத்தில், வெளுத்த தேமல் ஒன்று இருந்தது. முழுக்கைச் சட்டை அதைச் சரோஜாவிடமிருந்தும் மறைத்திருந்தது. டாக்டரம்மா அவன் வலது கை விரலைப் பிடித்து இடது முழங்கை எலும்போரம் வைத்து, அங்கே ஓடுகிற நரம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கிட்டாரில் இருப்பதிலேயே தடிசான ஆறாம் கம்பியையும்விடத் தடித்துப்போய் உருண்டது.

"எப்ப ஆரம்பிச்சது?"

"போன தை மாசங்க."

"இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?"

"கம்பி மாத்திட்டு இருந்தேங்க."

டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை. சரோஜா விளக்கிச் சொன்னதும் அவர் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் நோயாளிச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இது ஆரம்பம்தான். புது மருந்து வந்திருக்கிறது. மாசா மாசம் வந்து ஒரு வேளை மாத்திரையை இங்கேயே முழுங்க வேண்டும், மற்றதை வீட்டில். மருந்து ஆரம்பித்துவிட்டால் இவரால் யாருக்கும் ஒட்டாது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் சோதித்துப் பார்த்துவிடலாம். தனி டம்ளர், தனிப் படுக்கை எல்லாம் வேண்டவே வேண்டாம். விரலுக்குப் பலம் பயிற்சியில் திரும்பும். உணர்ச்சி திரும்புமா என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கிட்டார் வாசிக்கலாமா என்று அவன் கேட்டான். வாசிக்கலாம், விரலுக்கு அது நல்லதும்கூட என்றார். ஆனால் அறுபடக் கூடாது. வலி தெரியாத விரலில் புண் வந்தால் அது வந்ததே தெரியாமல் பெருத்துவிடும். விரல் போவது வியாதியால் இல்லை, அந்த மாதிரிப் புண்ணால்தான். தினமும் கையைப் பார்க்க வேண்டும், வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டும் என்றார்.

பாப்பாவுக்கும் சரோஜாவுக்கும் ஒன்றும் இல்லை. அன்று சாயந்திரம் இருசப்பன் பாப்பாவைத் தூக்கினான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

துணிக்கடை முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் நிலைமை என்ன ஆகும் என்று தெரியாதா? ஆனால் ஜீவகுமாரிடம் மறைக்க அவனுக்கு மனசு ஒப்பவில்லை. போய்ச் சொன்னான், குழுவிலிருந்து நின்றுகொள்வதாகவும் சொன்னான். ஜீவகுமார் அந்தப் பார்வையைப் பார்த்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், விரல் பழகியதும் வாருங்கள் என்றார். மாசங்கள் கழித்து முதல் கச்சேரிக்குப் போனபோது, அஞ்சு மணிப் பந்தியில் தன் பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடாமல் கையை வைத்துக்கொண்டு, "இருசப்பன், இங்க வாங்க" என்று கூப்பிட்டார். அவர் உப்பைக் கேட்டு வாங்கி இருவர் இலையிலும் வைத்தார். இருசப்பன் அன்று இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் அந்தக் கச்சேரிக்கு முன்னால் கம்பி வாங்க வேண்டியிருந்ததே, அதைச் சொல்ல வேண்டும்.

பழையபடி பன்னெண்டு போட விரலில் பலம் பத்தாது. எட்டும் ஒன்பதும் கத்தி. நடுவில் எது? வாங்கி மாட்டி வாசித்துப் பார்த்தால், அறுக்கிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியப் போவதில்லை. சுண்டுவிரலுக்குத் தெம்பு வந்திருந்தது; உணர்ச்சி வரவில்லை. இதை நினைத்து இரண்டு நாள் தூங்காமல் புரண்டான். புரள்கிற சத்தம் பக்கத்திலேயே படுத்திருந்த சரோஜாவுக்குக் கேட்காமல் இருக்குமா? திங்கட்கிழமை இருவரும் மெட்ராஸ் பஸ் ஏறினார்கள்.

கடைக்காரருக்கு அவர்களை ஞாபகம் இருந்தது. எந்த நம்பர் என்று இருசப்பனைப் பார்த்துக் கேட்டார். இருசப்பன் பதில் சொல்லாமல் சரோஜாவைப் பார்த்தான்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாட்டியிருந்த கிட்டார்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கிட்டாரை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இருசப்பன் காட்டிக்கொடுத்தபடி தன் இடது மோதிர விரலைக் கம்பி மேல் வைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தி, மேலும் கீழும் தேய்த்தாள். எட்டாம் நம்பரில் உஸ் என்று கையை உதறினாள். ஒன்பதிலும் அதே கதை. பத்தில் விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கோடு ஆழமாக விழுந்திருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் அடுத்தடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அலமாரி அடியிலிருந்து ஒரு செட்டை எடுத்தார். பதினொண்ணாம் நம்பர், ஆனால் தடிசுக் கம்பிகளின் மேல்சுற்று உருண்டையாக இல்லாமல் பட்டையாக இருந்தது. தொட்டால் வழவழவென்று இருக்கும். சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வரும், இப்போது யாரும் கேட்பதில்லை என்றார். மாட்டித் தரச் சொல்லி இருசப்பன் முதலில் சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தான். சுரம் பிறந்தது. கணீரென்று இல்லை, ஆனால் டொக் இல்லை. பிறகு சரோஜா முறை. ஒவ்வொரு கம்பியாக அழுத்தினாள். மெலிசான முதல் கம்பியில் வெகுநேரம் தேய்த்தாள், அவன் ஒரு பாட்டு முழுக்க எவ்வளவு தேய்ப்பானோ அவ்வளவு. விரலைப் பார்த்தாள். சிவந்திருந்தது, வலித்தது, ஆனால் தோல் கிழியவில்லை.

"இது போதுங்க," என்றாள். "இது உங்க கையக் கிழிக்காது."

கடைக்காரரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அம்மாவும் கிட்டார் வாசிப்பார்களா என்று கேட்டார்.

"வாசிக்கிறது நான்தாங்க," என்றான் இருசப்பன். "வலி பாக்கிறதுதான் அவ."

கடைக்காரர் செட்டைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். சரோஜா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சிவந்த விரலை ஊதிக்கொண்டே கடைப்படி இறங்கினாள்.